இரட்டைத் துடிப்பு

என் கைடுக்குச் சுத்தமாகப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, ஸ்லைடில் சிவப்பு எழுத்து. இன்னொன்று, தன் மாணவர்கள் தன் மனைவியின் முன்னால் பேப்பர் வாசிப்பது. புவி இயற்பியல் முதுகலை மாணவர்களுக்கான கருத்தரங்கில் எனக்கு இரண்டாவது வாய்த்தது. நிகழ்ச்சி நிரலில் 'அமர்வுத் தலைவர்' என்ற இடத்தில் அவர் மனைவியான எங்கள் மேடத்தின் பெயரைப் பார்த்ததும், கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை.

மேடமும் எங்கள் துறைதான். அவர் புவியீர்ப்பு, இவர் நில அதிர்வு. மேடம் பூமியை எடை போடுகிறவர், சார் பூமிக்கு நாடி பிடிக்கிறவர் என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வோம். வீட்டில் யார் நாடி யார் கையில் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கருத்தரங்குகளில் மேடம் கேள்வி கேட்டால் பெரிய பெரிய ஆட்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். குரலை உயர்த்தவே மாட்டார். 'எனக்கு ஒண்ணு புரியல' என்று சாதுவாக ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பித்தால் ஆள் காலி.

நான் வாசிக்க வேண்டிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில், உடைந்த நாற்காலிகளையும் பழைய விடைத்தாள் மூட்டைகளையும் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, நானே தரையைக் கொத்திக் காரை பூசிச் சமன் செய்து, ஓர் அதிர்வுமானியை வைத்திருந்தேன். தூரத்து நிலநடுக்கங்களைப் பதிவு செய்யலாம் என்று நினைப்பு. பூமி எனக்காக நடுங்குவதாக இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று மாட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அநேகமாகத் தினமும், ஒரு சின்னத் துடிப்பு. பலமாக ஒன்று, லேசாக ஒன்று, மறுபடி பலமாக ஒன்று, லேசாக ஒன்று. கொஞ்ச நேரம் அடிக்கும், நிற்கும், திரும்ப அடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்காது.

எடுத்த எடுப்பில் நான் நம்பிவிடவில்லை. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், வராந்தாவில் உருட்டிக்கொண்டு போகும் சாமான் வண்டி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். எதுவும் பொருந்தவில்லை. அடித்தள அறைக்கு நேர் மேலே கைடின் அறை. அவரையும் விடாமல் கேட்டேன்.

"சார், சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க ரூம்ல யாராவது எதையாவது நகர்த்தறாங்களா?"

"அந்த நேரத்துல கதவைச் சாத்திட்டுப் படிச்சிட்டிருப்பேன்மா. ஒரு ஈ காக்கா உள்ள வராது. ஏன்?"

பதிவைக் காட்டினேன். பார்த்தவர் உட்கார முடியாமல் எழுந்துவிட்டார். "இது தண்ணிம்மா," என்றார். பக்கத்துத் தொழிற்பேட்டை வேலை நாட்களில் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மோட்டார்கள் நிற்கும்போது, நீர் திரும்பவும் பாறை வெடிப்புக்குள் பாய்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெடிப்புகள், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அதனால்தான் இரட்டைத் துடிப்பு. ஞாயிறு தொழிற்பேட்டைக்கு விடுமுறை. எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. போதாக்குறைக்கு, மாதம் போகப்போகத் துடிப்பின் பலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. நிலத்தடி நீர் வற்றுகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று இரண்டு பேரும் குதூகலித்தோம். ஒரு ஊரின் நீர் வற்றுவதற்கு இரண்டு பேர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாதுதான்.

என் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வருடத்தோடு என் படிப்பு முடிகிறது. அக்கா வீட்டுக்காரருக்கு டைல்ஸ் கடை. "படிச்சு முடிச்சதும் நம்ம கடைக்கு வந்துடும்மா. கல்லைப் பத்திதானே படிச்ச, டைல்ஸும் கல்லுதான்," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மாமா தங்கமான மனிதர். கெட்ட மனிதராக இருந்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். இவரிடம் அதற்கு வழியில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று சுழல் நாற்காலி வேறு வாங்கிப் போட்டுவிட்டார். அந்த நாற்காலியிலிருந்து என்னைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது. நில அதிர்வுக் கண்காணிப்பு நிலையத்தின் இயக்குநர் கருத்தரங்குக்கு வருகிறார், மாணவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு ஆளை வேலைக்கு எடுக்கப் போகிறார் என்று செய்தி. அந்த ஒரு ஆள் நானாக இருக்க வேண்டும்.

கருத்தரங்கு அன்று காலை வெளிக்கூடத்தில் தேநீர். ஓரமாகக் கருவி விற்கிறவர்களின் ஸ்டால்கள். தேநீர் மேசை பக்கத்தில் மேடத்தைச் சுற்றி ஒரு கூட்டம். எல்லோரும் கைடைக் காட்டி, எப்படி இளைத்தார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையிலேயே இளைத்துத்தான் இருந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்.

"எல்லாம் என் டயட்," என்றார் மேடம். "ராத்திரிக்கு வெறும் சூப். இடது முட்டியில ஆபரேஷன் ஆனதுலேருந்து ஓட்டம் கூடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நடந்தா போதும்னார். இவர் எங்க நடக்கறார்? நாக்கைக் கட்டினதுலதான் இவ்வளவும்."

கைடு சாதுவாகத் தலையாட்டினார். சூப் நல்ல சூப் என்றும் சொன்னார்.

முதலில் டெசிபலின் பேப்பர். டெசிபல் என் வகுப்பு. அவன் கிசுகிசுத்தால் அடுத்த கட்டடத்தில் கேட்கும், பெயருக்கு அதுதான் காரணம். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, விளையாட்டு மைதானத்துக்கு அடியில் இரும்புத்தாது கலந்த பாறை இருப்பதாகக் காந்த அளவீடுகளை வைத்து முழங்கினான். அரங்கமே அசந்து போனது. முடித்ததும் மேடம் சொன்னார்:

"நல்லா பேசினீங்க. எனக்கு ஒண்ணு புரியல. மைதானத்துல கோல் கம்பம் இருக்குமே, அது எதுல செஞ்சது?"

டெசிபல் என்னவோ பதில் சொன்னான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அது யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்தது நான். மேடை மேசை எனக்கு மோவாய் வரை இருந்தது. பின்னால் பேனரின் ஒரு மூலை பிய்ந்து விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. முதல் ஸ்லைடைக் காகிதத்தைப் பார்த்தே வாசித்தேன். மூன்றாவது ஸ்லைடில் துடிப்பைத் திரையில் போட்டேன். முன்வரிசையில் இருந்த இயக்குநர், ஒல்லியான ஆள், அதுவரை நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் பூ வரைந்துகொண்டிருந்தவர், நிமிர்ந்தார். அதற்கப்புறம் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். கருவியை வைத்த விதம், கழித்த சத்தங்கள், வெடிப்புகள், வற்றும் நீர் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் கைடு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். முடித்தபோது நல்ல கைதட்டல். இயக்குநரும் தட்டினார். மனதுக்குள் சுழல் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

"ரொம்ப நல்லா பேசின," என்றார் மேடம். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல."

மூன்றாவது வரிசையில் தலையாட்டல் நின்றது.

"ரெண்டாவது மாசத்துல ஒரு வாரம் துடிப்பே இல்லையே. ஏன்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். "அந்த வாரம் பெரிய மழை மேடம். வெடிப்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பாய்றதுக்கு இடம் இருந்திருக்காது."

"ஆமா, பெரிய மழை. எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு." மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "பேராசிரியர் அப்பத்தான் படியில வழுக்கி, முட்டி வீங்கி, அந்த வாரம் முழுக்க லீவு. நான்தான் மருந்து தடவினேன்."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான்.

"துடிப்பு மொத்தத்துல எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"ஒன்பது சதவீதம் மேடம்."

மேடம் கையிலிருந்த காகிதத்தில் என்னவோ வகுத்தார். வகுத்த விடையைப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தார். புது ஓட்டை போட்ட பெல்ட்டிலிருந்து கழுத்து வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"பலமா ஒண்ணு, லேசா ஒண்ணு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மைக் அதையும் விடாமல் எல்லோருக்கும் சொன்னது. "வலது கால், இடது கால். சரி. உன் கருவிக்கு நேர் மேல யாரோட ரூம்?"

ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது. சாத்திய கதவு புரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் பார்க்கப் போகும்போதெல்லாம் சார் நெற்றி வியர்த்திருந்தது ஏன் என்று புரிந்தது. ஏசி ரிப்பேர் என்று சொல்லியிருந்தார், நானும் பாவம் என்று நினைத்திருந்தேன். நான் இத்தனை மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது பூமியின் துடிப்பை இல்லை. என் கைடின் ஓட்டத்தை.

'புத்தக அறை மேடம்' என்று சொல்லிவிடலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? மேடத்துக்குத் தெரியும், ஆனால் முன்வரிசைக்குத் தெரியாது. இயக்குநர் பூ வரைவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைடும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனை கெஞ்சலை ஒரு பேராசிரியர் முகத்தில் நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்தார்.

"அமர்வுத் தலைவர் அவர்களே, இவங்க நேரம் முடிஞ்சிருச்சுன்னு நினைக்கறேன்."

"மணி என்கிட்டதான் இருக்கு," என்றார் மேடம். மேசை மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. காரைச் சட்டியைத் தலையில் சுமந்து படியிறங்கியது நான். தொழிற்பேட்டை வாசல்களில் போய் ஷிஃப்ட் நேரம் கேட்டு வாட்ச்மேன்களிடம் திட்டு வாங்கியது நான். அவர் மேலே ஓடிவிட்டு, கீழே வந்து என் பதிவைப் பார்த்து, 'இது தண்ணிம்மா' என்றார். அழுகையும் வந்தது. ஆனால் புத்தக அறை என்று சொன்னால், நாளை இன்னொருத்தி என் பேப்பரை நம்பிக் காரைச் சட்டி சுமப்பாள். அது என்னால் முடியாது.

"கைடு சாரோட ரூம், மேடம்," என்றேன்.

மேடம் மைக்கை அணைக்கவில்லை. கோபத்தில் மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கருத்தரங்குகளில் கணவரை எப்போதும் 'பேராசிரியர்' என்றுதான் குறிப்பிடுவார். அன்றைக்கு அது மறந்து போனது.

"ஏங்க," என்றார், அரங்கம் முழுக்க. "ரூம்ல ஓடறீங்களா நீங்க?"

கைடு உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. "ரப்பர் விரிப்பு போட்டிருந்தேன்," என்றார்.

அதற்குப் பிறகு அரங்கத்தில் எழுந்த சத்தத்தை எந்தக் கருவியும் பதிவு செய்திருக்கும். பின்வரிசையில் ஒருவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

"மெதுவாத்தான் ஓடினேன்," என்று கைடு தொடர்ந்தார். குரலில் ஒரு விஞ்ஞானிக்குரிய வாதம் வேறு. "பூனை மாதிரி. அது கீழ வரைக்கும் போகும்னு நான் எதிர்பார்க்கவே இல்லை. அதனாலதான் அந்தப் பதிவைப் பார்த்தப்ப எனக்குத் தோணவே இல்ல. நான் வேணும்னு மறைக்கல."

அதுதான் விஷயம். வாழ்நாள் முழுக்க அதிர்வைப் படித்தவர். உலகத்தில் எது அதிர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், தன் ஓட்டமும் அதிரும் என்பது மட்டும் அவர் மூளையில் ஏறவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நான் மைக்கைப் பிடித்தேன்.

"மேடம், இது இன்னும் நிரூபணம் ஆகல. சார் ஓடறேன்னு ஒத்துக்கிட்டார். என் பதிவுல இருக்கறது அந்த ஓட்டம்தான்னு யாரும் காட்டல. ஒரு கருவி இருந்தா இங்கேயே பார்த்துடலாம்."

"வெளில ஸ்டால்ல இருக்கு," என்று டெசிபல் கத்தினான். கோல் கம்பத்தில் போன குரல் திரும்பி வந்துவிட்டது. யாரும் சரி என்று சொல்வதற்குள் ஓடிப்போய், விற்பனைக்கு வைத்திருந்த அதிர்வுமானியைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே விற்பனையாளர் ஓடி வந்தார். மேடையில் வைத்து, ரசமட்டத்தில் சமன் பார்த்து, திரையில் இணைத்தேன். கைடு வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். கழற்ற வேண்டிய அவசியமில்லை, ஆனால் ரூமில் அப்படித்தான் ஓடுவாராம், சோதனை சரியாக இருக்க வேண்டுமாம்.

நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்தார். முதலில் வெட்கத்தோடு, அப்புறம் பழக்கத்தோடு. கைகளை மடக்கிக்கொண்டு, கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு. திரையில் கோடு எழுந்தது. பலமாக ஒன்று, லேசாக ஒன்று. பலமாக ஒன்று, லேசாக ஒன்று. என் ஸ்லைடைப் பக்கத்தில் போட்டேன். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. என் கண்டுபிடிப்பை நானே, என் கையாலேயே, எல்லோர் முன்னாலும் கொன்றுவிட்டேன்.

"போதும், போதும். முட்டி," என்றார் மேடம். மணியை அடித்தார்.

தேநீர் இடைவேளையில் பேனருக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். யார் முகத்திலும் முழிக்கத் தெம்பில்லை. கடைக்கு எந்தப் பஸ்ஸில் போவது, மாமா சம்பளத்தோடு மதியச் சாப்பாடும் கொடுப்பார் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பேனரின் அந்தப் பக்கத்தில் இரண்டு குரல்கள்.

"நான் சூப் போட்டுக் குடுத்து, ஊரெல்லாம் பெருமை அடிச்சிட்டிருக்கேன். நீங்க ரூமுக்குள்ள ஓடிட்டிருக்கீங்க. எதுக்கு?"

கைடு சொன்னார். "பொண்ணு கல்யாணத்துக்கு நம்ம கல்யாணக் கோட்டைப் போடலாம்னு. பட்டன் போட முடியல. உன்கிட்ட சொன்னா ஓடக் கூடாதும்ப."

"இப்பப் போட முடியுதா?"

"கடைசிப் பட்டன் மட்டும் பாக்கி."

மேடம் மூக்கை உறிஞ்சினாரா, தேநீரை உறிஞ்சினாரா என்று பேனர் மறைத்துவிட்டது. ஒட்டுக்கேட்டோமே என்று நான் பிஸ்கட்டோடு நகர்ந்தேன். நகர்ந்த இடத்தில் இயக்குநர் நின்றார்.

"கருவியை எப்படி வெச்சீங்க?" என்றார். வணக்கம்கூட இல்லை.

"சார், அந்த ரிசல்ட்தான் தப்பாயிடுச்சே."

"ரிசல்ட்டைக் கேக்கல. மேல ஒருத்தர் ரப்பர் விரிப்புல ஓடறார். நடுவுல கான்கிரீட். அவர் ஒன்பது சதவீதம் இளைச்சதை அடித்தளத்துல இருந்து அளந்திருக்கீங்க. எங்க ஆட்கள் வெச்ச கருவியில லாரி போனாலே லாரியா மழையான்னு தெரியல. எப்படி வெச்சீங்க?"

சொன்னேன். காரையை எத்தனை தடவை பூசினேன், ஈரம் காயும்வரை எப்படிக் காத்திருந்தேன், கேபிளைச் சுவரில் படாமல் எப்படிக் கட்டினேன், காற்று படாமல் பழைய தெர்மாகோல் பெட்டியை எப்படிக் கவிழ்த்தேன் என்று எல்லாம் சொன்னேன். அவர் நிகழ்ச்சி நிரலைத் திருப்பி, பூக்களுக்கு நடுவில் இருந்த இடத்தில் குறித்துக்கொண்டார்.

"அந்தம்மா கேட்டப்ப வேற ரூம்னு சொல்லிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார். "அந்தப் பொய்யைச் சொல்லலாமான்னு யோசிச்சீங்க. உங்க முகத்துல தெரிஞ்சது. யோசிச்சிட்டுச் சொல்லாம விட்டீங்க." காகிதத்தை மடித்தார். "மலை மேல ஒரு நிலையம் இருக்கு. சுத்துவட்டாரத்துல மனுஷ நடமாட்டமே கிடையாது. இருப்பீங்களா?"

"மனுஷ நடமாட்டம் இல்லாத இடம்தான் சார் எனக்கு வேணும்," என்றேன். சொல்லிவிட்டுத்தான் அழுதேன்.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. சுழல் நாற்காலியை மலை மேலேயே அனுப்பிவிட்டார், கருவியை வைப்பதற்கென்று வழுவழுவென்ற ஒரு கிரானைட் பலகையையும் சேர்த்து. அக்காவிடம் மட்டும், கல்லைப் பற்றிப் படித்தவள் கல்லோடுதான் இருக்கிறாள் என்று சொல்லித் திருப்திப்பட்டுக்கொண்டாராம். மகள் கல்யாணத்தில் கைடு அந்தக் கோட்டோடு வந்தார். கடைசிப் பட்டனும் போட்டிருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும், நான் அவரைப் படித்தவள்.

இங்கே மலை மேல் உட்கார்ந்து பல இடத்துப் பதிவுகளைப் பார்க்கிறேன். எங்கள் துறையின் அடித்தள அறைக் கருவியும் இப்போது அதில் ஒன்று. வேலை முடிந்த நேரத்தில், சும்மா, அதைத் திறந்து பார்ப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டம் இல்லை. நடை. பலமாக ஒன்று, லேசாக ஒன்று, அறையைச் சுற்றிச் சுற்றி. போன மாதத்திலிருந்து அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடித் துடிப்பு, இரண்டு காலும் ஒரே பலத்தில், நிதானமாக. முதல் துடிப்பு தளர்ந்தால் இரண்டாவது நின்று காத்திருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கைடின் எடை தெரியும், அவர் துடிப்பின் அளவும் தெரியும். இந்த இரண்டையும் வைத்துப் பக்கத்தில் நடக்கிறவரின் எடையையும் கணக்குப் போட்டுவிட்டேன். அதை மட்டும் எந்தக் கருத்தரங்கிலும் வாசிப்பதாக இல்லை.